பட்டறை பதில்கள்: மகன் கேட்ட இரண்டு பேட்டரி

கோவையில் 23 ஆண்டுகளாக லித்தியம் பேட்டரி பேக் கட்டும் பட்டறைக்காரர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

என் மகன் இங்கிலாந்தில் லெஸ்டரில் மேற்படிப்பு படிக்கிறான். சிகரெட்டை விட்டுவிட்டு இப்போது வேப் (இ-சிகரெட்) இழுக்கிறான். அதில் கழற்றி மாட்டும் 18650 பேட்டரி இரண்டு இருக்கிறதாம். அங்கே விலை அதிகம், சென்னை ரிச்சி தெருவில் மலிவாகக் கிடைக்கும், ஊருக்கு வந்திருக்கும் நண்பனிடம் வாங்கிக் கொடுத்தனுப்பு என்கிறான். ஒரிஜினல் எது, போலி எது என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பது?
– பெயர் வேண்டாம், திருச்சி

அம்மா, வாங்கி அனுப்பாதீர்கள். இதை முதலில் சொல்லிவிட்டு, அப்புறம் காரணத்துக்கு வருகிறேன்.

18650 என்பது பிராண்டு இல்லை, அளவு. 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். கடைசியில் இருக்கும் சைபர் உருளை வடிவத்தைக் குறிக்கும். லேப்டாப்பிலும் டார்ச்சிலும் மின்சார சைக்கிளிலும் இதே அளவு செல்கள் இருக்கின்றன. பார்க்க ஒன்றுபோலத் தெரிந்தாலும் அவற்றின் வேலை வேறு வேறு. குடத்தில் எவ்வளவு தண்ணீர் பிடிக்கும் என்பதுதான் எம்.ஏ.எச். ஒரே நேரத்தில் எவ்வளவு வேகமாக ஊற்றலாம் என்பது ஆம்பியர். உறையில் பெரிதாக அச்சடிப்பது எம்.ஏ.எச்.சைத்தான். வேப்புக்கு முக்கியம் ஆம்பியர்.

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். உங்கள் மகனின் கருவி 150 வாட் எடுக்கும் வகை என்று வைத்துக்கொள்வோம். சார்ஜ் இறங்கும் நேரத்தில் ஒரு செல் 3.2 வோல்ட்டில் நிற்கும். இரண்டும் தொடராக, அதாவது ஒன்றின் பின் ஒன்றாக இணைந்திருந்தால் 6.4 வோல்ட். 150-ஐ 6.4-ஆல் வகுத்தால் 23 ஆம்பியருக்கு மேல் வருகிறது. சர்க்யூட்டில் வீணாவதையும் சேர்த்தால் 26. பழைய லேப்டாப் செல் பல நேரம் நாலைந்து ஆம்பியருக்கு மேல் தாங்காது. தாங்காத செல்லிடம் வலுக்கட்டாயமாகக் கேட்டால் அது உள்ளுக்குள் சூடாகும். உள்ளே பாசிட்டிவ், நெகட்டிவ் தகடுகளுக்கு நடுவில் இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் உருகினால் இரண்டு தகடுகளும் ஒட்டிக்கொள்ளும். உள்ளே இருக்கும் திரவமோ தீப்பிடிக்கும் திரவம். கருவி இருப்பது முகத்துக்கு நேரே.

ரிச்சி தெருவில் நேர்மையான வியாபாரிகள் இருக்கிறார்கள், நானே அங்கே வாங்குகிறேன். ஆனால் உதிரியாக விற்கும் செல்களில் லேப்டாப் பேக்கைப் பிரித்து எடுத்தவையும் கலந்திருக்கும். புது உறை போட்டுவிட்டால் பழக்கமில்லாத கண்ணுக்குப் புதுசுதான். உறைக்கு வெளியே தெரியும் அடிப்பக்க உலோகத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். தகடு பற்றவைத்துப் பிய்த்த சிறு புள்ளிகள் இருந்தால் அது வேறு ஏதோ பேக்கில் உழைத்துவிட்டு வந்த செல். புள்ளியையும் தேய்த்து மறைத்துவிடுகிறார்கள். அதனால்தான் உங்களைப் போன்றவர்கள் கண்ணை நம்பி வாங்க வேண்டாம் என்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாம்சங், எல்ஜி போன்ற நிறுவனங்கள் இந்தச் செல்களைத் தயாரிப்பது பேக் கட்டுபவர்களுக்கு. பாதுகாப்பு சர்க்யூட் இல்லாமல் உதிரியாக மக்கள் கையில் போவதை அவர்கள் ஏற்பதில்லை. அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையமும் 2021 ஜனவரியில் உதிரி 18650 செல்களை வாங்க வேண்டாம் என்று எச்சரித்தது. ஆகவே ஒரிஜினலே கிடைத்தாலும் ஆபத்து முழுதாகப் போய்விடாது, குறையும். சோனி தன் பேட்டரித் தொழிலை 2017-இல் முராட்டாவுக்கு விற்றுவிட்டது. இன்றைக்கு ஒருவர் 'புத்தம் புது சோனி செல்' என்று நீட்டினால் நான் கையில் வாங்க மாட்டேன்.

சரி, மகன் என்ன செய்யலாம்? பேட்டரி உள்ளேயே பொருத்திய, சார்ஜ் செய்துகொள்ளும் கருவிக்கு மாறுவதுதான் நல்லது. அதில் செல்லைத் தேர்ந்தெடுக்கும் வேலை அவனுக்கு இல்லை. பழைய கருவியை விட மாட்டேன் என்றால், செல்லின் விவரத்தாளைப் பார்த்து, அங்கேயே பேட்டரி மட்டும் விற்கும் கடையில் பில்லோடு வாங்கட்டும். மோலிசெல் பி26ஏ 2600 எம்.ஏ.எச்., 35 ஆம்பியர். சாம்சங் 25ஆர் 2500, 20 ஆம்பியர். சாம்சங் 30க்யூ 3000, ஆனால் 15 ஆம்பியர்தான். எம்.ஏ.எச். ஏறினால் பெரும்பாலும் ஆம்பியர் இறங்குவதைக் கவனியுங்கள். நான் போட்ட கணக்குக்கு இந்த மூன்றில் முதலாவது மட்டும்தான் தேறும். இல்லையென்றால் வாட்டைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

அவனிடம் கட்டாயம் சொல்ல வேண்டியது ஒன்று: உதிரிச் செல்லைப் பாக்கெட்டில் போடக் கூடாது. 2016-இல் என் பட்டறைப் பையன் நல்ல ஒரிஜினல் செல் ஒன்றை பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போனான். கூடவே சாவிக்கொத்து. சாவி இரண்டு முனைகளையும் இணைத்துவிட்டது. பேன்ட்டைக் கழற்றுவதற்குள் தொடை வெந்துவிட்டது. மூன்று வாரம் படுத்திருந்தான். அவன் அம்மாவுக்குப் பதில் சொன்னது நான். அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2009 முதல் 2016 வரை திரட்டிய 195 இ-சிகரெட் தீ, வெடிப்புச் சம்பவங்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒன்று பாக்கெட்டில் நடந்தது. சின்ன பிளாஸ்டிக் டப்பா ஒன்று இருந்தால் போதும், அதில் போட்டு வைக்கலாம். விமானத்திலும் அப்படித்தான், அதுவும் கைப்பையில் மட்டும். செக்-இன் பெட்டியில் வைக்கக் கூடாது. நண்பனிடம் கொடுத்தனுப்பினால் அவன் எந்தப் பெட்டியில் வைப்பான் என்று உங்களுக்குத் தெரியாது.

விடுமுறைக்கு வரும்போது அந்தக் கருவியை அங்கேயே விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி இ-சிகரெட்டை இந்தியாவுக்குள் கொண்டுவருவதே குற்றம். முதல் முறைக்கே ஓராண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சிகரெட்டை விட்டவனால் இதையும் விட முடியும் என்று நான் நம்புகிறேன். அதை நீங்கள்தான் அவனிடம் சொல்ல வேண்டும்.

அண்ணா, என் வேப் பேட்டரியின் உறை மேல்முனையில் கொஞ்சம் கிழிந்திருக்கிறது. டேப் ஒட்டிப் பயன்படுத்தலாமா? இரண்டில் ஒன்றை மட்டும் மாற்றினால் போதுமா?
– வாசகர், கிள்ளான், மலேசியா

தம்பி, டேப் வேண்டாம். அந்த உருளையில் மேலே இருக்கும் பொத்தான் மட்டும்தான் பாசிட்டிவ். மற்றபடி உடம்பு முழுக்க நெகட்டிவ். இரண்டுக்கும் நடுவே இருப்பது ஓரிரு மில்லிமீட்டர் இடைவெளி, ஒரு காகித வளையம், இந்த மெல்லிய உறை, அவ்வளவுதான். உறை கிழிந்திருப்பது சரியாக அந்த இடத்தில். கருவியின் உலோகம் இரண்டையும் ஒருசேரத் தொட்டால் ஷார்ட். டேப்போ சூட்டில் இளகி நகர்ந்துவிடும். 18650 அளவு பிவிசி உறையும் புது வளையமும் வாங்கி, ஹேர் டிரையர் காற்றில் சுருக்கிப் போடலாம். வராவிட்டால் பேட்டரி கடையில் கொடுங்கள். செல்லில் நசுங்கல், துரு, இனிப்பான ரசாயன வாடை, இதில் ஏதாவது இருந்தால் உறை மாற்றிப் பயனில்லை. இரு முனைகளிலும் டேப் ஒட்டி மின்கழிவு எடுப்பவர்களிடம் சேர்த்துவிடுங்கள். அந்த டேப் அதற்கு மட்டும்தான்.

ஒன்றை மட்டும் மாற்றுவதும் தவறு. தொடரில் இருக்கும் இரண்டு செல்களிலும் ஒரே மின்னோட்டம்தான் ஓடும். பழையது முதலில் காலியாகும், புதியது அதையும் சேர்த்து இழுத்துக்கொண்டே போகும். காலியான செல் அளவுக்குக் கீழே போய் உள்ளே கெடும். அடுத்த சார்ஜில்தான் அதன் விளைவு தெரியும். ஒரே மாடலில் இரண்டையும் ஒரே நாளில் வாங்கி, மார்க்கரால் 1, 2 என்று எழுதி, ஒன்றாகவே சார்ஜ் செய்யுங்கள். ஒவ்வொரு சார்ஜுக்கும் இடம் மாற்றிப் போடுங்கள்.

டார்ச்சுக்கு 9900 எம்.ஏ.எச். என்று எழுதிய 18650 பேட்டரி வாங்கினேன். அரை மணி நேரம்கூட எரியவில்லை. சார்ஜர் கோளாறா?
– வாசகர், சேலம்

சார்ஜர் மேல் பழி போடாதீர்கள். இந்த அளவு உருளையில் நான் கையில் எடுத்து அளந்த எந்தச் செல்லும் 3600-ஐத் தாண்டியதில்லை. 9900 நடக்காத காரியம். இப்படி ஒன்றை நான் தராசில் வைத்தபோது 29 கிராம்தான் இருந்தது. பட்டறையில் பிரித்துப் பார்த்தேன் (வீட்டில் யாரும் செய்யாதீர்கள்). உள்ளே விரல் அளவில் ஒரு குட்டிச் செல், சுற்றிலும் வெள்ளைப் பொடி. சமையலறைத் தராசு இருந்தால் உங்களுடையதை நிறுத்துப் பாருங்கள். நல்ல 18650 செல் 45 முதல் 49 கிராம் இருக்கும். எடை 40-க்குக் கீழே என்றால் கடைக்காரரிடம் தராசோடு போய்ப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.