குஞ்சின் கால்விரல் ஏன் சுருள்கிறது?

கேள்வி: 60 நாட்டுக்கோழிக் குஞ்சுகளைக் கொட்டகையிலேயே அடைத்து, மின்விளக்குச் சூட்டில் வளர்க்கிறேன். அரிசிக் குருணையும் உடைத்த மக்காச்சோளமும்தான் தீனி. மூன்றாவது வாரத்தில் எட்டுக் குஞ்சுகள் நடக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டன. விரல்கள் உள்பக்கம் சுருண்டிருக்கின்றன. கடையில் கொடுத்த கால்சிய டானிக்கால் பலனில்லை. என்ன செய்வது, டாக்டர்?
- வாசகி, தாராபுரம்

பதில்: விரல் உள்பக்கம் சுருண்டதைக் கவனித்து எழுதினீர்களே அம்மா, அதுவே பாதி வைத்தியம். இது ரிபோஃபிளேவின் என்னும் வைட்டமின் பி2 குறைவு. ஒரு குஞ்சைத் தரையில் விட்டுப் பாருங்கள். கண் தெளிவாக இருக்கும், தீனியைக் கண்டால் கொத்தும். ஆனால் பாதத்தை ஊன்றாமல் கணுக்காலில் உட்கார்ந்து, இறக்கையை ஊன்றி ஊன்றி நகரும். காலுக்குப் போகும் நரம்பு வீங்கிக் கெடுவதால் வரும் வினை இது. இதற்குக் கால்சியம் என்ன செய்யும்?

ஒரு கால் முன்னும் மற்றது பின்னுமாக நீண்டு கிடந்தால் மாரெக் என்னும் வைரஸ் நோயாக இருக்கலாம். கழுத்து திருகி, கழிச்சலும் இருந்தால் வெள்ளைக்கழிச்சலாக இருக்கலாம். இரண்டுக்கும் வைட்டமின் மருந்தாகாது. உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

வளரும் குஞ்சுக்கு ஒரு கிலோ தீவனத்தில் சுமார் 3.6 மில்லிகிராம் பி2 வேண்டும். குருணையில் 1 மில்லிகிராம்கூடத் தேறாது, மக்காச்சோளத்திலும் ஏறக்குறைய அவ்வளவுதான். தாய்க்கோழியோடு மேயும் குஞ்சு புல், புழு, கரையான் என்று பொறுக்கித் தின்று ஈடுகட்டிவிடும். அடைத்து வைத்த குஞ்சுக்கு நாம் போடுவதுதான் கதி.

தவிடு போட்டால் போதாதா என்று பலரும் கேட்கிறார்கள். தவிட்டில் நிறைந்திருப்பது பி1. 1890களில் ஜாவாவில் எய்க்மன் என்ற டச்சு மருத்துவர், தீட்டிய அரிசி தின்ற கோழிகளுக்குக் கால் விழுவதையும், தவிடு நீக்காத அரிசி கொடுத்ததும் அவை தேறுவதையும் கண்டார். அந்த வழியில் வந்த ஆய்வுக்காக 1929-இல் நோபல் பரிசும் பெற்றார். அந்தக் கோழிகளுக்கு இருந்தது பி1 குறைவு. உங்கள் குஞ்சுகளுக்குத் தேவையான பி2 தவிட்டில் போதுமான அளவு இல்லை.

விழுந்த குஞ்சுகளை மற்றவை மிதிக்காதபடி தனியே பிரியுங்கள். கோழிகளுக்கான பி காம்ப்ளெக்ஸ் மருந்தைப் புட்டியில் உள்ள அளவுப்படி எல்லாக் குஞ்சுகளுக்கும் ஐந்து நாள் தண்ணீரில் கொடுங்கள். காலையில் கலக்கியதை மாலையில் கொட்டிவிடுங்கள். வெயில் படும் இடத்தில் தண்ணீர்க் குவளையை வைக்காதீர்கள். வெளிச்சத்தில் பி2 சிதைந்துவிடும். இன்றே குஞ்சுத் தீவனத்துக்கு மாறுங்கள். வீட்டில் மோர் இருந்தால் அதையும் வையுங்கள், முருங்கைக்கீரையைப் பொடியாக நறுக்கிப் போடுங்கள். அண்மையில் விழுந்தவை எழுந்துவிடும். நரம்பு கெட்டு விரல் இறுகிப்போனவை தேறுவது கடினம். சொல்ல வருத்தமாகத்தான் இருக்கிறது.

கேள்வி: மஞ்சள்கரு வெளிறியிருந்தால் வைட்டமின் ஏ குறைவா?
- வாசகர், முசிறி

பதில்: இல்லை. அந்த நிறம் கீரையிலும் மஞ்சள் மக்காச்சோளத்திலும் உள்ள நிறமியால் வருவது. வைட்டமின் ஏ-க்கு நிறம் மிகக் குறைவு. கண்ணில் நீர் வடிந்து, இமைக்குள் தயிர்போல் கட்டிக்கொண்டால் அதைச் சந்தேகியுங்கள். அதுவரை டானிக்குக்குக் காசு செலவழிக்க வேண்டாம், அகத்திக்கீரையைக் கட்டித் தொங்கவிடுங்கள்.