இளவெயினி, ஆதன்: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

அடுத்த மாதம் எங்களுக்கு முதல் குழந்தை பிறக்கவிருக்கிறது. அரிதானதும் பொருள் பொதிந்ததுமான ஒரு தமிழ்ப்பெயரைத் தேடி இணையப் பட்டியல்களைப் புரட்டினோம். எல்லாப் பெயருக்கும் நேராகச் ‘சங்ககாலப் பெயர்’ என்று எழுதியிருக்கிறது. பொருளோ பட்டியலுக்குப் பட்டியல் மாறுகிறது. பெண்ணானால் யாழினி, அங்கவை, ஆதிரை, இளவெயினி ஆகியவற்றில் ஒன்று, ஆணானால் ஆதன் என்று குறித்து வைத்திருக்கிறோம். இளவெயினி வாயில் நுழையாது என்கிறார் என் தந்தை. இப்பெயர்களின் மூலம் என்ன என்று சொல்வீர்களா?

ச.

அன்புள்ள ச.,

நீங்கள் குறித்திருக்கும் பெயர்கள் எல்லாம் ஒரே வயதுடையவை அல்ல. யாழினிதான் மிக இளையது. பாடினி (பாணர் குலத்துப் பாடகி) போன்ற பழஞ்சொற்களின் சாயலில் நம் காலத்தவர் புனைந்துகொண்ட பெயர் அது. புதிதாகப் புனைந்த பெயரை வைப்பதில் குறையொன்றும் இல்லை. இல்லாத பழமையை அதன்மீது ஏற்றிச் சொல்வதுதான் எனக்கு உவப்பாக இல்லை. தவிர, அது இப்போது அரிய பெயரும் அன்று.

பாரியின் மகளிர் பாடியதாகப் புறநானூற்றில் ஒரு பாட்டு, 112ஆம் பாட்டு, இருக்கிறது. தந்தையையும் அவரது பறம்பு மலையையும் இழந்த பிறகு, போன மாதத்து நிலவையும் இந்த மாதத்து நிலவையும் ஒப்பிட்டுப் பாடிய ஐந்தே அடிகள். பாடியவர்கள் ‘பாரி மகளிர்’ என்று மட்டுமே அங்கே குறிக்கப்படுகிறார்கள். அங்கவை, சங்கவை என்ற பெயர்கள் பிற்கால மரபில் வந்து சேர்ந்தவை. அவற்றைக் கேலிப் பொருளாக்கிய ஒரு திரைப்பட நகைச்சுவை இன்னும் பலர் நினைவில் இருப்பதையும், அதை நினைத்துச் சிரிப்பவர்களைக் குழந்தை எதிர்கொள்ள நேரும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். அதற்கு அஞ்ச வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

ஆதிரை விண்மீனின் பெயர். மணிமேகலையின் அமுதசுரபியில் முதல் பிச்சை இட்டவளின் பெயரும் அதுவே. நல்ல பெயர், ஐயமில்லாத பெயர்.

என் மனம் இளவெயினியிடமே நிற்கிறது. இதற்கும் இளவெயிலுக்கும் தொடர்பில்லை. எயினர் பாலை நிலத்து வேட்டுவர். அக்குடிப் பெண் எயினி. ‘இள’ என்பதோடு சேரும்போது இடையில் வகரம் தோன்றி இளவெயினி ஆகிறது. புறநானூற்றுப் புலவர்களில் இருவருக்கு இப்பெயர் உண்டு. குறமகள் இளவெயினி, குறவர் தலைவன் ஏறைக்கோனைப் பாடினார் (157). பேய்மகள் இளவெயினி பாடியது சேரமான் பாலை பாடிய பெருங்கடுங்கோவை (11). அவனது வெற்றியைப் பாடிய பாடினி பொன்னணி பெற்றதை அப்பாட்டு சொல்கிறது. யாழினிக்குச் சாயல் தந்த பாடினியையே அங்கு சந்திக்கிறோம். அரண்மனையிலும் அந்தப்புரத்திலும் பெயர் தேடும் நமக்கு, வேட்டுவக் குடியின் பெயரைத் தாங்கி அரசனைப் பாடிய ஒரு பெண்ணின் பெயர் கிடைப்பது அரிது. தந்தையாரிடம் சொல்லுங்கள், வீட்டில் எயினி என்று அழைக்கலாம், மூன்றே எழுத்து.

அதற்கும் அவர் இசையாவிட்டால், நீங்கள் கேட்காத ஒரு பெயரைச் சொல்கிறேன்: நன்முல்லை. குறுந்தொகையில் பல பாட்டுகளைப் பாடிய அள்ளூர் நன்முல்லையாரின் பெயர். கோழி கூவியதும், தலைவனைப் பிரிக்கும் வாளைப் போல வைகறை வந்துவிட்டதே என்று தலைவி நெஞ்சம் துணுக்குறும் பாட்டு (157) இவருடையது. பொருள் விளக்கம் தேவைப்படாத பெயர், யார் வாயிலும் நுழையும். ஆனாலும் ஏனோ அதிகம் பேர் வைப்பதில்லை.

இனி ஆதன். இதன் பொருளைத் திட்டமாகச் சொல்லும் பட்டியலை நம்பாதீர்கள். சூரியன் என்று சிலர் சொல்லும் பொருள் ஆதித்தனோடு குழம்பியதால் வந்திருக்கலாம். பிற்கால நூல்களில் ஆதர் என்றால் அறிவிலார் என்ற பொருளும் உண்டு; அதைக் காட்டி உறவினர் யாரேனும் உங்களைத் தடுக்கக்கூடும். அவருக்கு ஐங்குறுநூற்றைக் காட்டுங்கள். அதன் முதல் பத்துப் பாட்டுகளும் ‘வாழி ஆதன்’ என்றே தொடங்குகின்றன. புகழூர்க் கல்வெட்டில் சேர மன்னனின் பெயர் ‘கோ ஆதன் செல்லிரும்பொறை’. கீழடிப் பானை ஓடுகளிலும் ஆதன் என்ற பெயர் கீறப்பட்டிருக்கிறது. மன்னனுக்கும் பானைக்கு உரியவனுக்கும் பொதுவாக இருந்த பெயர் என்பதே எனக்கு இதில் பிடித்தது. பொருள் தெரியாத பெயரை வைக்கலாமா என்றால், இத்தனை பேர் தாங்கிய பெயருக்கு அகராதியின் சான்று வேண்டியதில்லை என்பேன். இன்னொன்று: ஆதன், தந்தை என்ற இரு சொற்களும் புணர்ந்தால், ஆதனின் தந்தை என்ற பொருளில் ஆந்தை ஆகும் என்பது தொல்காப்பிய விதி. பிசிராந்தையாரின் பெயர் அப்படி வந்தது, பறவையால் அன்று. மகனுக்கு ஆதன் என்று பெயரிட்டால், அந்த விதிப்படி நீங்களும் ஆந்தையே.

அவசரப்பட வேண்டாம். குழந்தையின் பிறப்பைப் பெயரில்லாமலே பதிவு செய்து, 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். அதன் பிறகு கட்டணம் செலுத்தி 15 ஆண்டுகள் வரை சேர்க்கலாம். ஏறிய பெயரைத் திருத்துவதுதான் கடினம். ஆகவே சான்றிதழைக் கையில் வாங்கும்போதே எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். இளவெயினி எளிதில் இளவேனி ஆகிவிடும்.