மூத்தவர்கள் என் பேச்சைக் கேட்பதில்லையே?

கேள்வி: அரிசி ஆலை ஒன்றில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். வயது 26. களத்தில் நெல் காயப்போடுகிற அண்ணாச்சிமார் என் பேச்சைக் கேட்பதே இல்லை. கோபத்தில் கத்திவிடுகிறேன். அவர்களை எப்படி வழிக்குக் கொண்டுவருவது?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: தம்பி, முதலில் உங்கள் தொண்டையை வழிக்குக் கொண்டுவாருங்கள். கோபம் ஏறும்போது நெஞ்சு படபடக்கும், குரல் தானாக உயரும். அப்போது வாயைத் திறக்காமல் மூச்சை இழுத்து, இழுத்ததைவிட மெதுவாக வெளியே விடுங்கள். மூச்சு நீளமாக வெளியேறும்போது இதயத் துடிப்பு இறங்கும். நாலைந்து மூச்சு போதும்.

அப்புறம் அவர்கள் விஷயம். எங்கள் ஊர் ஆலையில் ஒரு மேஸ்திரி இருந்தார். அவித்த நெல் களம் முழுக்கக் கிடக்கும். பொதிகைப் பக்கம் கறுத்துக்கொண்டு வரும். "ஓடுங்கலே" என்று அவர் கத்தி நான் கேட்டதில்லை. துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, பலகையை எடுத்து முதல் ஆளாக நெல்லைக் குவிப்பார். மற்றவர்கள் பின்னாலேயே வந்துவிடுவார்கள். "அண்ணாச்சி, கிழக்கு மூலை இன்னும் ஈரமா இருக்கோ?" என்று மூத்தவரிடம் கேட்பார். மேஸ்திரிக்கே தெரியும்தான். ஆனாலும் அந்த மூத்தவரின் கைப்பழக்கத்தை மதித்துக் கேட்பார்.

1908-இல் தூத்துக்குடி கோரல் நூற்பாலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வ.உ.சி.யை நம்பி நின்றார்கள். வக்கீலான அவர் பேசியது அவர்களுடைய கூலியையும் வார விடுமுறையையும் பற்றித்தான்.

மத்தியான வெயிலில் வெறுங்காலோடு நெல்லைக் கிளறுகிறவருக்கு நிழலும் மோரும் கிடைக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முதலாளியிடம் பேசி வாங்கிக் கொடுங்கள். பிழை சொல்ல வேண்டியிருந்தால் நாலு பேர் முன்னால் வேண்டாம், தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.