கடலடி வேட்டையும் கமராவும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நான் குருநகரைச் சேர்ந்தவன். இரண்டு வருடங்களாகத் தண்ணீர் புகாத சிறிய கமரா ஒன்றை வைத்துக்கொண்டு முருகைக்கற் பாறைகளில் சுழியோடி வருகிறேன். கலவாய் சின்ன மீனை விழுங்குவதையும், பாரைகள் சூடைக் கூட்டத்துக்குள் பாய்வதையும் எத்தனையோ தடவை கண்ணால் கண்டிருக்கிறேன். ஆனால், வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால் ஓடுகிற வாலும் கலங்கிய மணலும்தான் தெரிகின்றன. எங்கே பிழை விடுகிறேன்?

பதில்: நீங்கள் மீனைத் துரத்துகிறீர்கள், பிழை அங்கேதான் இருக்கிறது. தொடக்கத்தில் ஒரு பருவம் முழுவதையும் நானும் இப்படியே வீணாக்கியிருக்கிறேன். துரத்தப்படுகிற மீன் வேட்டையாடாது. அந்த நேரத்தில் அதன் கண்ணுக்கு அங்கே இருக்கிற பெரிய வேட்டைப் பிராணி நீங்கள்தான்.

மீனைத் தேடாமல் இடத்தைத் தேடுங்கள். கல்லின் விளிம்பு வெளியே நீட்டி நிற்கும் இடங்களில், நிழலும் நீரோட்டமும் சந்திக்கிற பக்கத்தில், சின்ன மீன்கள் திரளாக ஒதுங்கி நிற்பதைக் கண்டிருப்பீர்கள். இரை நிற்கிற இடத்துக்கு வேட்டை மீன் தானாக வரும். அப்படி ஓரிடத்தைத் தெரிந்துகொண்டு, அதிலிருந்து இரண்டு மீற்றர் தள்ளி, முருகைக்கல்லைத் தொடாமல் வெறும் மணலில் அமருங்கள். முழங்காலை ஊன்றுவதற்கு முன் அந்த மணலை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் கல்லைப் போலவே கிடக்கும் நச்சு மீனின் முதுகு முள் குத்தினால் அந்த நாளின் படப்பிடிப்போடு அது முடிந்துவிடாது. பிறகு மூச்சை மெல்லமாக, சீராக விடுங்கள். குமிழிகள் குபீரென்று கிளம்பும்போதுதான் மீன்கள் கூடுதலாக மிரளுகின்றன. இருபது நிமிடங்கள் அசையாமல் இருந்தால், அதுவரை உங்களைச் சுற்றிப் போன மீன்கள் உங்கள் முன்னாலேயே போகத் தொடங்கும்.

இனி, கலவாயைப் பற்றி. அது ஓடிப் பிடிக்கிற மீன் அல்ல, பதுங்கிப் பிடிக்கிற மீன். அதன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தால் நிச்சயமாகத் தவறவிடுவீர்கள். பக்கச் செட்டைகளைப் பாருங்கள். கல்லின் நிழலில் நிற்கிற கலவாய் அந்தச் செட்டைகளை ஓயாமல் மெல்ல விசிறிக்கொண்டிருக்கும். ஒரு கட்டத்தில் விசிறல் நின்றுவிடும். உடம்பின் நிறம் கறுக்கும். கண் மட்டும் குழிக்குள் உருண்டு ஒரு பக்கம் திரும்பும். முன்னால் நிற்கிற சூடைக் கூட்டமும் சற்றே இறுகும். நடுவில் நின்ற மீன்கள் ஒன்றையொன்று நெருக்க, கலவாயின் பக்கமாக ஓர் இடைவெளி விழும். அதற்குப் பிறகு நடப்பது கண்ணுக்கு எட்டாது. பெரிய வாய் திடீரென்று விரியும்போது உள்ளே அமுக்கம் குறைய, தண்ணீரோடு சேர்ந்து இரையும் உறிஞ்சப்படுகிறது. தண்ணீர் செவுள் வழியாக வெளியேற, இரை உள்ளே தங்கிவிடுகிறது. கூட்டம் ஒருசேரத் திரும்பும் அதிர்வு உங்கள் நெஞ்சில் படும்போது எல்லாம் முடிந்திருக்கும்.

ஆகவே செட்டை நின்ற உடனேயே பதிவு ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஒரு செக்கனுக்கு 25 படங்கள் என்ற வேகத்தில் பதிந்தால், ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் 40 மில்லி செக்கன் போய்விடுகிறது. தவளை மீன் என்னும் பதுங்கு வேட்டை மீன் இரையை வாய்க்குள் இழுத்துக்கொள்ள ஏறக்குறைய 6 மில்லி செக்கன் போதும் என்று அளந்திருக்கிறார்கள். கலவாய் அவ்வளவு வேகமானதல்ல என்றாலும், 25 படங்களில் அதன் வாய் மூடியிருக்கும் படமும் விழுங்கி முடித்த படமும்தான் கிடைக்கும். 120க்கு மாற்றினால் இடைவெளி சுமார் 8 மில்லி செக்கனாகவும், 240க்கு மாற்றினால் சுமார் 4 ஆகவும் குறையும். உங்கள் சிறிய கமராவிலேயே இந்த வசதி இருக்கக்கூடும், தேடிப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் பக்கத்துக் கடலில் எப்போதும் கலங்கல். படம் முழுக்கப் பச்சையாகவும் வெள்ளைப் புள்ளிகளாகவும் வருகிறது. விலை கூடிய கமரா வாங்கினால் சரியாகுமா? (மண்டைதீவிலிருந்து ஒரு வாசகி)

பதில்: சரியாகாது. காசைச் செலவழிக்க முன் நாட்களைப் பாருங்கள். சோளகக் காற்றும் வாடைக் காற்றும் மாறுகிற இடைவெளியில், குறிப்பாகப் பங்குனி, சித்திரையில் காற்று விழுந்து கடல் அடங்கிக் கிடக்கும் காலைகள் உங்களுக்கு உரியவை. பாக்கு நீரிணைப் பக்கம் ஆழம் குறைந்த கடல் என்பதால், காற்று எழும்பினால் அடிச்சேறு உடனே மேலே வந்துவிடும். அதை எந்தக் கமராவும் ஊடுருவாது. செய்யக்கூடியது, மீனுக்கும் உங்களுக்கும் இடையிலுள்ள தண்ணீரைக் குறைப்பதுதான்: அகன்ற கோணத்தில் வைத்து, ஒரு மீற்றருக்குள் படம் எடுங்கள். விளக்கைக் கமராவின் தலையில் பூட்டாமல் இரண்டு பக்கமும் கை நீட்டிய தூரத்தில் வைத்தால், மிதக்கும் தூசியில் பட்ட ஒளி கண்ணாடிக்குள் திரும்பி வராது. அந்த வெள்ளைப் புள்ளிகள் அப்படி வந்தவைதான். ஐந்தாறு மீற்றர் இறங்குவதற்குள் சிவப்பு நிறத்தின் பெரும்பகுதியைத் தண்ணீர் குடித்துவிடுகிறது. ஆகையால் கீழே இறங்கிய பின், ஒரு வெள்ளைத் தகட்டைக் கமராவுக்குக் காட்டி நிறச் சமநிலையைத் திருத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: கலவாய், பாம்பு போல நீண்ட அஞ்சாலை மீனைக் கூப்பிட்டுக்கொண்டு வேட்டைக்குப் போகும் என்று என் மாணவன் ஒருவன் சொன்னான். கட்டுக்கதை என்று சொல்லி அவனை இருத்திவிட்டேன். சரிதானே? (காரைநகரிலிருந்து ஓர் ஆசிரியர்)

பதில்: ஐயா, மாணவன் சொன்னதுதான் சரி. மீன்களின் நடத்தையை ஆராயும் ரெதுவான் ப்ஷாரியும் அவருடைய சக ஆய்வாளர்களும் செங்கடலில் கண்டதை 2006ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். கலவாய் இனம் ஒன்று பெரிய அஞ்சாலையின் பொந்துக்கு முன்னால் போய்த் தலையை வேகமாக ஆட்டுகிறது. அஞ்சாலை வெளியே வந்து அதனோடு சேர்ந்து நீந்துகிறது. கலவாய்க்குப் பயந்து இடுக்குக்குள் ஒளிக்கிற மீனை அஞ்சாலை பிடிக்கும். அஞ்சாலைக்குப் பயந்து வெளியே பாய்கிற மீன் கலவாயின் வாயில் விழும். எது பிடித்தாலும் இரையை முழுதாக விழுங்கிவிடும் என்பதால் பங்கு பிரிக்கிற சண்டையும் இல்லை. இரை ஒளித்திருக்கும் இடத்துக்கு நேர் மேலே கலவாய் தலைகீழாக நின்று அதைக் காட்டிக்கொடுப்பதையும் 2013ஆம் ஆண்டில் விளக்கினார்கள். எட்டுக் கைகள் கொண்ட பேய்க்கணவாயும் நகரை போன்ற மீன்களும் கூட்டாக வேட்டையாடுவதைப் பல கமராக்களால் பதிந்து ஆராய்ந்த முடிவு 2024இல் வந்தது. கூட்டத்துக்கு உதவாமல் ஒட்டி நிற்கிற மீனைப் பேய்க்கணவாய் கையால் குத்தி விரட்டுகிறது.

இவையெல்லாம் கடலடியில் பொறுமையாக இருந்து பதிந்த காட்சிகளால் தெரியவந்தவை. அந்த மாணவனைக் கூப்பிட்டு, வகுப்பின் முன்னாலேயே அவன் சொன்னது சரி என்று சொல்லிவிடுங்கள்.

கேள்வி: மீன் குடலைக் கல்லில் கட்டிவிட்டால் அரை மணித்தியாலத்தில் எல்லாம் வந்துவிடும் என்கிறார்கள். அப்படிச் செய்யலாமா? (ஊர்காவற்றுறை வாசகர்)

பதில்: செய்யாதீர்கள். ஓர் இடத்தில் என்னென்ன மீன்கள் இருக்கின்றன என்று எண்ணுவதற்காக ஆய்வாளர்கள் இரை கட்டிய கமராவை இறக்குவது உண்டு, அதில் குறை இல்லை. ஆனால், குடலைத் தின்ன வருகிற மீன் வேட்டையாடவில்லை. அதை வேட்டை என்று காட்டினால் பார்ப்பவரை ஏமாற்றுகிறோம். கையில் தீனி பார்த்துப் பழகிய அஞ்சாலைக்கு, விரலுக்கும் தீனிக்கும் வித்தியாசம் தெரியாது. விரலை இழந்த சுழியோடிகள் உண்டு. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: காட்சி மறைகிறது என்று முருகைக்கல்லின் கிளையை முறிப்பவர்களை நான் கண்டிருக்கிறேன். நெடுந்தீவின் மதில்களில் அடுக்கிய முருகைக்கல்லைப் பார்த்து வளர்ந்ததாலோ என்னவோ, அது வெறும் கல் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு ஊறிவிட்டது. கடலுக்குள் அது உயிரோடு இருக்கிறது. மறைத்தால் நீங்கள்தான் விலக வேண்டும்.

கேள்வி: ஒரு நாளில் ஒரே ஒரு தடவைதான் இறங்க முடியும் என்றால், எந்த நேரத்தில் இறங்குவீர்கள்? (வல்வெட்டித்துறை வாசகர்)

பதில்: பொழுது படுகிற நேரத்தில். ஒட்டி மீன், கிளி மீன் போன்ற பகல் மீன்கள் இடுக்குகளுக்குள் ஒதுங்கிவிட, இரவு மீன்கள் இன்னும் வெளிவராத ஒரு கால் மணி நேரம் சூரியன் மறைந்த பின் வருகிறது. பாறை வெறிச்சோடிக் கிடக்கும். பொரி பொரிவது போல வெடிக்கும் இறால்களின் ஓசை மட்டும் காதில் நிற்கும். மங்கல் வெளிச்சத்தில் வேட்டை மீனின் கண் இரையின் கண்ணை விட நன்றாக வேலை செய்வதால், பிந்தித் திரிகிற சின்ன மீன்களைக் கலவாயும் பாரையும் எடுப்பது அப்போதுதான்.

ஒரு மாலையில் கிடைத்துவிடும் என்று எண்ணாதீர்கள். பிரெஞ்சு பொலினீசியாவின் பக்கராவா தீவில் கலவாய்கள் முட்டையிடக் கூடும் நாட்களைப் படமெடுக்க பிரெஞ்சுக் கடலடிப் படக்கலைஞர் லொரோன் பலெஸ்தாவும் குழுவினரும் ஐந்து ஆண்டுகள் திரும்பத் திரும்பப் போனார்கள். சுமார் 700 சாம்பல் சுறாக்கள் வரை திரளும் கால்வாய் அது. அங்கே எடுத்த படத்துக்குத்தான் 2021இல் உலகின் சிறந்த காட்டுயிர்ப் படக்கலைஞர் விருது கிடைத்தது.

நீங்கள் ஒரே கல்லுக்கு ஒரு மாதம் போங்கள். தனியாக இறங்க வேண்டாம். துணைக்கு ஒருவரும் மேலே வள்ளத்தில் ஒருவரும் இருக்கட்டும். பல மீன்களின் கண்ணுக்குச் சிவப்பு ஒளி சரியாகத் தெரியாது என்பதால், ரோச் விளக்கின் முகத்தில் சிவப்புத் தாளை ஒட்டி, சூரியன் விழுவதற்கு அரை மணி நேரம் முன்பே கீழே போய் உட்காருங்கள். இறங்கும் முன் பற்றரியை மாற்றிவிடுங்கள். அந்தக் கால் மணி நேரத்தின் நடுவில் மேலே வந்து மாற்றிக்கொண்டு திரும்பிப் போக முடியாது.