வயரைக் கழற்றினால் கேர்னல் ஏன் விழுகிறது? செலுத்தி எழுதுவோரின் கேள்விகளும் பதில்களும்

சாதனச் செலுத்தி, அதாவது டிரைவர், எழுதப் பழகும் கொழும்பு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் பெரும்பாலானவை கழற்றும் கணத்தைப் பற்றியவை. செருகும்போது ஒழுங்காக வேலை செய்யும் நிரல், கழற்றும்போது தடுமாறுகிறது.

யூஎஸ்பி வெப்பநிலை உணரி ஒன்றுக்கு லினக்ஸ் செலுத்தி எழுதினேன். தரவை வாசிக்கும் நிரல் ஓடிக்கொண்டிருக்கையில் வயரைக் கழற்றினால் சில வேளைகளில் கேர்னல், அதாவது இயங்குதளத்தின் மையக்கரு, செயலிழக்கிறது. சாதனம் கழலும்போது கேர்னல் அழைக்கும் டிஸ்கனெக்ட் செயற்கூற்றில் நினைவகத்தை விடுவிக்க நான் தவறவில்லை. பிழை எங்கே? (வெள்ளவத்தை)

நீங்கள் தவறாமல் செய்த அந்த விடுவிப்பே பிழை. வன்பொருள் போய்விட்டாலும், அதன் கோப்பைத் திறந்து வைத்திருக்கும் நிரல் இன்னும் இருக்கிறது. அது அடுத்த முறை வாசிக்க முற்படும்போது, நீங்கள் ஏற்கெனவே விடுவித்த நினைவகத்தையே உங்கள் செலுத்தி தொடுகிறது. ஆகவே சாதனத்துக்கான தரவுக் கட்டமைப்பில் அதை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கைக் கணக்கு வையுங்கள். செருகும்போது அழைக்கப்படும் ப்ரோப் செயற்கூறு ஒரு பிடியையும், கோப்பைத் திறக்கும் ஒவ்வொரு நிரலும் ஒரு பிடியையும் எடுக்க வேண்டும். கடைசிப் பிடி விடுபடும்போது மட்டுமே நினைவகம் விடுவிக்கப்பட வேண்டும். லினக்ஸில் கேரெஃப் என்ற எண்ணி இதற்காகவே உள்ளது.

டிஸ்கனெக்டுக்குள் வேலைகளின் வரிசையும் முக்கியம். முதலில் சாதனக் கோப்பின் பதிவை நீக்கி, புதிதாக எவரும் திறக்க முடியாதபடி செய்யுங்கள். பின்னர் மியூடெக்ஸை, அதாவது ஒரு நேரத்தில் ஒருவரே பிடிக்கக்கூடிய பூட்டை, பிடித்து, 'சாதனம் இல்லை' என்ற கொடியை ஏற்றி, மியூடெக்ஸை விட்டுவிடுங்கள். அதன்பின் பாதையில் இருக்கும் யூஆர்பிகளை, அதாவது இன்னும் முடியாத யூஎஸ்பி தரவுக் கோரிக்கைகளை, நிறுத்தி, தரவுக்காக உறங்கிக் காத்திருப்பவர்களை எழுப்பி, கடைசியாக உங்கள் பிடியை விடுங்கள். எழுந்த நிரல் கொடியைப் பார்த்து, 'அத்தகைய சாதனம் இல்லை' என்ற பிழையுடன் திரும்ப வேண்டும். ஒத்திவைத்த வேலைகளை நிறுத்தும்போது மியூடெக்ஸ் உங்கள் கையில் இருக்கக் கூடாது. அந்த வேலையும் அதே மியூடெக்ஸுக்காகக் காத்திருந்தால் இரண்டும் ஒன்றையொன்று பார்த்தபடி நின்றுவிடும்.

நினைவகத்தைத் தாமே விடுவிக்கும் டெவ்எம் வகைச் செயற்கூறுகளைப் பற்றியும் எச்சரிக்க விரும்புகிறேன். அவற்றால் பெற்ற நினைவகம், கோப்பு திறந்திருந்தாலும், செலுத்தி சாதனத்திலிருந்து பிரியும் கணத்திலேயே தானாக விடுவிக்கப்படும். தராசு ஒன்றுக்கு நான் முன்பு எழுதிய செலுத்தியில் இந்த வசதியை நம்பியதால், உங்களுடையதைப் போன்ற பிழையை நாட்கணக்கில் தேடினேன். இதைச் சோதிக்க ஒவ்வொரு முறையும் வயரை இழுக்க வேண்டியதில்லை. கேர்னல் தன் சாதனங்களையும் செலுத்திகளையும் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸில் உங்கள் செலுத்தியின் கீழுள்ள அன்பைண்ட் கோப்பில் சாதனத்தின் பெயரை எழுதினாலே டிஸ்கனெக்ட் அழைக்கப்படும். நினைவகத் தவறுகளைப் பிடிக்கும் கேசான் வசதியுடன் கட்டிய கேர்னலில் இதைத் திரும்பத் திரும்பச் செய்து பாருங்கள்.

விண்டோஸில் திடீர் அகற்றல் அறிவிப்பும் அகற்றல் அறிவிப்பும் தனித்தனியாக வருவது ஏன்? (தெஹிவளை)

மேலே சொன்ன வன்பொருளின் ஆயுள், திறந்திருக்கும் கோப்பின் ஆயுள் என்ற இரண்டையும் விண்டோஸ் இரண்டு அறிவிப்புகளாகப் பிரித்திருக்கிறது. விண்டோஸ் 2000 முதல், சாதனம் முன்னறிவிப்பின்றிப் போனால் முதலில் திடீர் அகற்றல் செய்தி வரும். அப்போது வன்பொருளைத் தொடாமல், நிலுவையிலுள்ள கோரிக்கைகளைத் தோல்வியாக முடித்துவிட வேண்டும். திறந்திருக்கும் கைப்பிடிகள் அனைத்தும் மூடப்பட்ட பின்னரே அகற்றல் செய்தி வரும். சாதனப் பொருளை நீக்குவது அப்போதுதான். பயனர் முறைப்படி வெளியேற்றும்போது வரும் வினவல் செய்தியைச் செலுத்தி மறுக்கலாம். திடீர் அகற்றலை மறுக்க வழியில்லை.

பிசிஐ எக்ஸ்பிரஸ் அட்டை கழன்றதும் கணினி உறைகிறது. (மொரட்டுவை)

இல்லாத அட்டையின் பதிவகத்தை, அதாவது அதன் நிலையைக் காட்டும் சிறு நினைவிடத்தை, வாசித்தால், பெரும்பாலான கணினிகளில் 32 பிட்களும் 1 ஆகவே கிடைக்கும். 'வேலையில் உள்ளேன்' என்ற பிட் 0 ஆகும்வரை சுற்றும் உங்கள் நிரல் முடிவின்றிச் சுற்றுகிறது. சுற்றுக்கு நேர வரம்பு வையுங்கள். எல்லாம் 1 என்று வந்தால் அட்டை போய்விட்டதா என்று சரிபாருங்கள். கழற்றல் அறிவிப்பு வந்து சேரும் முன்பே இது நிகழ்வதால், அறிவிப்புக்காகக் காத்திருப்பது பயன் தராது.

பார்கோட் வாசிப்பானைச் செருகியதும் என் நிரலுக்குச் செய்தி வருகிறது, ஆனால் கோப்பைத் திறக்க அனுமதி மறுக்கப்படுகிறது. (கொட்டாஞ்சேனை)

கேர்னல் நேரடியாக அனுப்பும் யூஈவென்ட் என்ற அறிவிப்பை நீங்கள் கேட்கிறீர்கள். சாதனக் கோப்புகளை நிர்வகிக்கும் யூடெவ் என்ற சேவை தன் விதிகளைச் செயற்படுத்தி, அனுமதிகளை அமைத்த பின்னர் வெளியிடும் செய்தியைக் கேளுங்கள். அத்துடன், முதலில் செய்திக்குப் பதிவு செய்துவிட்டு, அதன் பின்னரே ஏற்கெனவே உள்ள சாதனங்களைப் பட்டியலிடுங்கள். வரிசை மாறினால் இடைவெளியில் செருகப்பட்ட சாதனம் கண்ணில் படாமல் போகும். ஒரே சாதனம் இரு முறை தெரிய வந்தால் அதைப் பொறுத்துக்கொள்ளும்படி நிரலை எழுதுங்கள்.

காலி வீதியில் உள்ள எங்கள் கடையில் மின்சாரம் போய் வந்தால், தராசின் சீரியல் கோப்பு பூச்சியத்திலிருந்து ஒன்றுக்கு மாறிவிடுகிறது. சில நாட்களில் காரணமின்றியும் மாறுகிறது.

தனி மின்சாரத்தில் ஓடும் ஹப் அணைந்ததும் தராசு கழற்றப்பட்டதாகவே கேர்னல் கருதுகிறது. உங்கள் விற்பனை நிரல் பழைய கோப்பை மூடாமல் வைத்திருப்பதால் பூச்சியம் என்ற எண் விடுபடவில்லை. மின்சாரம் திரும்பியதும் தராசுக்கு அடுத்த எண் கிடைக்கிறது. வாசிப்பில் பிழை வந்தவுடன் கோப்பை மூடுங்கள். மீண்டும் திறக்கும்போது, எண்ணை நம்பாமல், சாதனத்தின் அடையாளத்தைக் கொண்டு யூடெவ் அமைக்கும் நிலையான பெயரைப் பயன்படுத்துங்கள்.

காரணமின்றி மாறும் நாட்களுக்கு இணைப்பியைப் பாருங்கள். கடற்காற்றின் உப்பு தொடுமுனைகளை அரித்து, தொடர்பை அறுந்து அறுந்து வரச் செய்யும். இணைப்பு 100 மில்லிசெக்கன் நிலையாக இருந்த பின்னரே லினக்ஸ் புதிய சாதனத்தை ஏற்கிறது. செருகும்போது வரும் நொடிநேர அதிர்வுகளை அது வடிகட்டும். ஏற்கெனவே இயங்கும் சாதனத்தின் தொடர்பு அறுந்தால் அது கழற்றலாகவே முடியும். முதலில் வயரை மாற்றிப் பார்த்துவிட்டு, அதன் பின் நிரலைத் திருத்துங்கள்.