'ஹேவிங்' எங்கே வரும், எங்கே வராது?

கேள்வி: இன்டர்வியூவில் "ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்" என்றேன், தப்பு என்று திருத்தினார்கள். ஆனால் "ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்" சரியாம். இரண்டும் ஒரே 'ஹேவ்' தானே? போதாக்குறைக்கு 'ஹேவ் ஹேட்' வேறு குழப்புகிறது.

பதில்: சொல் ஒன்றுதான், பார்க்கிற வேலை வேறு. தம்பி, கார், டிகிரி, தலைவலி, சந்தேகம் இதெல்லாம் உங்களுக்கு இருக்கிற சமாச்சாரம், நீங்கள் செய்கிற காரியம் இல்லை. அதனால் "ஐ ஹேவ் டூ பிரதர்ஸ்", "ஐ ஹேவ் எ கார்" என்று நிறுத்திவிட வேண்டும். சாப்பிடுவது, டீ குடிப்பது, மீட்டிங் நடத்துவது என்றால் அது நடந்துகொண்டிருக்கும் காரியம், 'ஹேவிங்' தாராளமாக வரலாம். நாம் இதில் வழுக்குவதற்குத் தமிழும் ஒரு காரணம். 'கார் வைத்திருக்கிறேன்' என்ற நினைப்பிலேயே 'ஆம் ஹேவிங்' வாயில் வந்துவிடுகிறது.

சந்தேகமாக இருந்தால் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'எனக்கு இருக்கிறது' என்று வந்தால் வெறும் 'ஹேவ்' போதும். முழுக்க இதையே நம்பிவிடவும் கூடாது, "ஐ ஆம் ஹேவிங் ட்ரபிள் வித் மை லேப்டாப்" சரியான வாக்கியம்தான், இப்போது அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறீர்கள் இல்லையா!

'ஹேவ் ஹேட்' பார்க்கத்தான் பயங்கரம். "ஐ ஹேவ் ஈட்டன்" என்பதில் 'ஈட்டன்' இருக்கும் இடத்தில் 'ஹேட்' வைத்தால் "ஐ ஹேவ் ஹேட் லஞ்ச்", அவ்வளவுதான்; முதலாவது துணைக்கு வந்தது, இரண்டாவதுதான் சாப்பிட்டது. ஒன்று மட்டும் கவனம், 'யெஸ்டர்டே' வந்தால் இந்த 'ஹேவ்' வரக்கூடாது. "ஐ ஹேவ் சென்ட் தி மெயில் யெஸ்டர்டே" என்று ஆபீஸில் பாதிப் பேர் எழுதுகிறார்கள், "ஐ சென்ட் தி மெயில் யெஸ்டர்டே" போதும்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். சலூனுக்குப் போய் வந்துவிட்டு "ஐ கட் மை ஹேர்" என்றால், நீங்களே கத்தரிக்கோலை எடுத்து வெட்டிக்கொண்டீர்கள் என்றுதான் பெரும்பாலும் படும். அடுத்தவரை வைத்துச் செய்துகொண்டதற்கு "ஐ ஹேட் மை ஹேர் கட்". பைக்கை சர்வீஸுக்கு விட்டிருந்தால் "ஐ ஹேட் மை பைக் சர்வீஸ்ட்", வீட்டுக்கு ஆள் வைத்து பெயின்ட் அடித்திருந்தால் "வி ஹேட் தி ஹவுஸ் பெயின்டட்".