டெல்லியில் பிளஸ் டூ கலைப்பிரிவு படிக்கும் மகள் குற்றவியல் படிக்கலாமா? வேலை கிடைக்குமா?

தாராளமாகப் படிக்கலாம். ஆனால் அவள் மனதில் இருப்பது ஆய்வகமும் கைரேகையும் என்றால், அது தடயவியல். அதற்குப் பள்ளியிலேயே அறிவியல் பாடம் வேண்டும். குற்றவியல் வேறு. ஒருவர் ஏன் குற்றம் செய்கிறார், தண்டனை அவரைத் திருத்துகிறதா, பாதிக்கப்பட்டவருக்கு என்ன கிடைக்கிறது என்று போகும். கலைப்பிரிவு இதற்குத் தடையே இல்லை.

இளங்கலையில் உளவியல், சமூகவியல், சட்டம், இவற்றில் ஒன்றை எடுக்கட்டும். என்னைக் கேட்டால் உளவியல். அப்புறம் முதுகலைக்கு ரோகிணியில் இருக்கும் தேசிய தடயவியல் பல்கலைக்கழகத்தின் டெல்லி வளாகம் இருக்கிறது. 1972-இல் தொடங்கிய பழைய நிறுவனம்தான் 2020 சட்டத்துக்குப் பின் இந்தப் பெயருக்கு மாறியது. ஊர்ப்பக்கம் அனுப்பத் தயார் என்றால் சென்னைப் பல்கலைக்கழகம், நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் இரண்டிலும் தனித் துறையே உண்டு.

வேலை விஷயத்தில் ஒளிவுமறைவு வேண்டாம். போலீஸில் சேர இந்தப் பட்டம் தேவையில்லை, எஸ்.ஐ. தேர்வுக்கு ஏதாவது ஒரு டிகிரி போதும். சிறைகளில் நலப்பணி, சிறார் நீதி சார்ந்த தொண்டு நிறுவனங்கள், நெட் என்ற கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதி ஆசிரியப் பணி, இவைதான் நேர்வழிகள். தொடக்கச் சம்பளம் ஐ.டி. மாதிரி இருக்காது. குருகிராம் கம்பெனிகளில் மோசடி விசாரணைப் பிரிவுகள் கொஞ்சம் தாராளம், ஆனால் அங்கே கணக்கும் எக்ஸெலும் தெரிந்திருக்க வேண்டும்.

கல்லூரி விடுமுறையில் ஏதாவது சட்ட உதவி அமைப்பில் இன்டர்ன்ஷிப் செய்யச் சொல்லுங்கள். இந்த வேலை பிடிக்கிறதா இல்லையா என்று அங்கேயே தெரிந்துவிடும்.